நாம் பெற்ற வீதி

"கிறிஸ்து சமயம் தமிழ்நாட்டிற்குச் செய்த நன்மைகள் யாவை?" என்னும் பொருள்பற்றிக் கல்லூரி மலர்களில் கட்டுரைகள் பல வெளிவருகின்றன. பள்ளிக்கூடங்கள் எழுந்தமையும், பெண்மக்கள் எழுத்தறிவு பெற்றமையும், மருத்துவசாலைகள் தோன்றியமையும், தமிழ் உரைநடை அச்சேறி வளர்ந்தமையும் அவற்றில் எடுத்துக் கூறப்பெறும். அவையெல்லாம் உண்மையே, மறுப்பார் இலர். ஆயினும், கொடுத்த கணக்கையே திரும்பத் திரும்ப எண்ணுகின்றவன் பெற்ற கணக்கை மறந்துவிடுதல் கூடும். ஆதலின், யான் ஈண்டு வேறொரு வினாவை அன்பர்கள்முன் வைக்க விழைகின்றேன். நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்த உரிமைகள் சில, நம் சமயத்தின் துணையால் நமக்குக் கிடைத்தன. அவற்றை நமக்குப் பின் நிற்பார்க்குத் திறந்துவிட்டோமா? அன்றி, உள்ளே புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டோமா? அநீதியை எதிர்க்கும் ஊக்கம் விசுவாசத்தினின்று பிறக்கும் என்று மேடைதோறும் பேசுகின்றோம். அப்பேச்சு மெய்யோ பொய்யோ என்று உரைத்துப் பார்க்கும் கல் இவ்வினாவேயாம் என்பது என் துணிபு.

யான் கோவில்பட்டிக்கு அணித்தாய கரிசற் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவன். எம்மூரைச் சுற்றிலும் வானம் பார்த்த நிலம். ஐப்பசி மழை தவறாது பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும். தவறினால் கடன் விளையும். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார்க்கு இந்நிலம் பெருமை தரும் நிலமேயாம். எட்டயபுரம் பாரதியாரைத் தந்தது. இடைசெவல் என்னும் ஒரே சிற்றூர், 1923-ஆம் ஆண்டில் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தந்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தங்கிச் சமயப்பணி ஆற்றினார். இவையெல்லாம் நாம் விரும்பி நினைப்பவை. விரும்பாவிடினும் நினைக்க வேண்டியது ஒன்று உண்டு. அது கழுகுமலையின் தேர்வீதி.

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கழுகுமலை. மாணவர் அங்குச் சென்று வெட்டுவான் கோயிலின் சிற்ப எழிலைக் கண்டு வியப்பர். சமணர் செதுக்கிய திருவுருவங்களைக் கண்டு மகிழ்வர். மலையினின்று இறங்கி வருங்கால் தேர்வீதி வழியாகவே நடந்து வருவர். அவ்வீதியில் நடப்பது ஒரு செய்தியாக எவர்க்கும் தோன்றுவதில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த அவ்வூரிலே, நாடார் குலத்தார் அத்தேர்வீதிகளில் ஊர்வலம் செல்லுதற்கு உரிமையற்றவர் எனப்பட்டனர். அவர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டனர், வழக்காடினர், பயன் கிட்டவில்லை. பின்னர் அவருள் ஒரு சாரார் கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேர்வீதியை அடுத்தே ஒரு சிற்றாலயம் அமைத்துக்கொண்டனர். 1895-ஆம் ஆண்டுப் பங்குனித் திருவிழாவின்போது தேர் செல்லும் வழிபற்றி எழுந்த பூசல் பெருங்கலகமாய் மூண்டது. உயிர்கள் பல மாய்ந்தன, ஜமீனின் மேலாளரும் கொல்லப்பட்டார், வீடுகள் எரிந்தன.

அக்கலகத்தில் எவர்க்கும் புகழ் இல்லை. இரத்தம் சிந்திய வீதியில் நின்று வெற்றி பேசுதல் கிறிஸ்தவனுக்கும் தகாது, மனிதனுக்கும் தகாது. யான் ஈண்டுக் கருதுவது வேறொன்று. "அவர்கள் ஆண்டவரை நாடியா சமயம் மாறினர்? வீதியை நாடியன்றோ மாறினர்!" என்று எள்ளுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அக்குடிமரபிலே தோன்றிய யான் அவ்வெள்ளலுக்கு நாணவில்லை. எகிப்திலே செங்கல் அறுத்த இஸ்ரவேலர் தத்துவ ஆராய்ச்சி வேண்டியா கடவுளை நோக்கிக் கூவினர்? முதுகிற் பட்ட அடியின் நோவால் அன்றோ கூவினர்! அக்கூக்குரலையும் ஆண்டவர் கேட்டார் என்பதே வேதம் கூறும் முதற் பெருஞ்செய்தி. மானம் வேண்டி வந்தவனைப் புறத்தே தள்ளும் சமயம் சமயமன்று. ஆயினும், மானம் வேண்டி வருதல் விசுவாசத்தின் தொடக்கம்; முடிவன்று.

அதன் முடிவு யாது என்பதையும் வேதமே கூறுகின்றது. எகிப்தினின்று மீண்ட மக்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகளில், அந்நியனை ஒடுக்காதிருக்குமாறு மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்படுகின்றது. அதற்குக் கூறப்படும் காரணம் யாது? அவர்களும் ஒருகால் அந்நியராய் இருந்தமையே. தாம் பட்ட பாட்டைப் பிறர்க்குச் செய்யாமையே விடுதலை பெற்றார்க்குரிய அடையாளம். இதனை மறந்தார் கதையும் வேதத்தில் உண்டு. நெகேமியாவின் நூலில் ஐந்தாம் அதிகாரத்தை அன்பர்கள் எடுத்துப் படிப்பார்களாக. சிறையிருப்பினின்று மீண்ட யூதர் எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த வேளையிலே ஏழை மக்களின் கூக்குரல் எழுகின்றது. பஞ்சத்திற்குத் தானியம் வாங்க நிலத்தை அடகு வைத்தோம். அரசனின் வரிக்குக் கடன் பட்டோம். இப்போது எங்கள் ஆண்மக்களும் பெண்மக்களும் அடிமைகளாகின்றனர் என்று அவர்கள் அழுகின்றனர். கடன் கொடுத்து வட்டி வாங்கியவர் அந்நியர் அல்லர். அவர்களுடைய சொந்தச் சகோதரரே. நெகேமியா வெகுண்டு பெருஞ்சபை கூட்டி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். அயலார் இழைத்த கொடுமையை எதிர்த்தல் எளிது. நம்மவர் இழைக்கும் கொடுமையை நம்மவர் கூடிய சபையிலே எதிர்த்தல் அரிது. அவ்வரிய செயலையே அந்நூல் போற்றுகின்றது.

அவ்வதிகாரத்தை யான் முதன்முறை படித்தபோது எருசலேம் என் நினைவிற்கு வரவில்லை. எங்கள் ஊர் மந்தையே வந்தது. 1920-களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கங்களிலும் பரவி, மழை பொய்த்த எம் நிலத்திற்குச் சோறு கொடுத்தது. அந்நன்றியை யான் மறவேன். ஆனால் அச்சோற்றுக்கு விலை கொடுத்தவருள் சிறுவர் பல்லாயிரவர். என் தாயாரும் அவருள் ஒருவர். ஏறக்குறைய 1985-ஆம் ஆண்டில், ஒன்பது வயதிலே, அவர் தீப்பெட்டி ஆபீசுக்குச் செல்லத் தொடங்கினார். பொழுது புலருமுன் மந்தையில் வண்டி வந்து நிற்கும். வரிப்பள்ளம் இட்ட மரச்சட்டத்திலே மருந்து தோய்க்காத குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். அதனை எம்மூரார் கட்டை அடுக்குதல் என்பர். எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. அவருடைய தந்தையார், மழை தவறிய ஆண்டொன்றில், ஆபீசுக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். பிள்ளையின் விரல் அக்கடனை அடைத்தது. முன்பணம் கொடுத்தவர் எங்கள் சபையாரே. ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்ந்தவர். அவர் பெயரை யான் கூறேன். இன்று அவர் இல்லை. அவர் கொடுத்த நன்கொடையும் எங்கள் ஆலயச் சுவரில் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கல்லின் கீழ்தான் என் தாயார் ஒவ்வொரு ஞாயிறும் அமர்கின்றார்.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிரம்பாதாரைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்துதலைத் தடை செய்தது. ஆயினும் வீட்டார் கூடிச் செய்யும் வேலைக்கு அது விலக்கு அளித்தது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறிச் சிறுவரை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு சிறுவர்க்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அத்தொகை அச்சிறுவரின் நலனுக்கு ஆக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சிவகாசிச் சிறுவர்க்காக அவ்வழக்கைக் கொண்டு சென்றவர் எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர். எம் கரிசற் சபையார் அல்லர். சட்டமும் பள்ளியும் இயந்திரமும் கூடி இன்று அக்காட்சியைப் பெரிதும் மாற்றிவிட்டன. மாறியது நன்று. ஆனால் அது மாறுமுன், விடியற்கால வண்டியின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நாம் விடியற்காலச் செபமும் செய்தோம் என்பதை எங்ஙனம் மறப்பது?

இனி, நம் ஆலயங்களுக்கு உள்ளேயே எழுந்த சுவர் ஒன்றைப் பார்ப்போம். நெல்லை நாட்டின் தென்கோடியில் வடக்கன்குளம் என்னும் ஊர் உள்ளது. அங்கு 1872-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம் இரண்டு நீண்ட கூடங்களை உடையது. உயர்குலத்தார் எனப்பட்டோர் ஒரு கூடத்தில், நாடார் முதலியோர் மற்றொரு கூடத்தில், நடுவே சுவர். இரு கூடங்களும் பலிபீடத்தண்டையில் மட்டுமே ஒன்றை ஒன்று நோக்கின. ஒரே அப்பத்தை உண்பவர் ஒருவரையொருவர் காணாவண்ணம் எழுப்பப்பட்ட சுவர் அது. 1910-ஆம் ஆண்டில் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிப்பித்தார். உயர்குலத்தார் வெகுண்டெழுந்து, சுவரை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று உயர்நீதிமன்றம்வரை வழக்காடித் தோற்றனர். நாடார்க்கு இது பெருவெற்றி. கழுகுமலையில் இரத்தம் சிந்தியும் கிடைக்காத மதிப்பு, ஆண்டவரின் வீட்டில் கடப்பாரையால் கிடைத்தது.

அவ்வெற்றியின் வழிவந்த நாம் இன்று யாது செய்கின்றோம்? சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் எங்கள் சபையில் முதியவர் ஒருவர் இறந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஆலயமணி அடித்தவர் அவர். தாழ்த்தப்பட்ட குலத்தினர் எனப்படும் மக்களுள் ஒருவர். பாட்டிசைத்து அவருடலை எடுத்துச் சென்றோம். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் உண்டு. சிமெண்டுக் கல்லறைகளும் சிலுவைகளும் உள்ள பக்கத்தைக் கடந்து, சுவரின் அப்பால், முழங்காலளவு கரிசற் சேற்றில் அவரை அடக்கம் செய்தோம். என் பாட்டனார் இப்பக்கத்தில் உறங்குகின்றார். அவரைத் துயிலெழுப்பிய மணியை அடித்தவர் அப்பக்கத்தில் உறங்குகின்றார். வீடு திரும்புகையில், சபைக் கமிட்டியில் உறுப்பினராயுள்ள என் பெரியப்பாவிடம், "அந்தச் சுவர் எதற்குப் பெரியப்பா?" என்று கேட்டேன். "அது ஆதியிலிருந்தே அப்படித்தான், தம்பி. நீ படிப்பைப் பார்" என்றார். அவர் கொடியவர் அல்லர். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகின்றவர் அவரே.

ஆதியிலிருந்தே அப்படித்தான்! அன்பர்காள், இச்சொல்லை நாம் முன்னர்க் கேட்டிருக்கின்றோம். கழுகுமலைத் தேர்வீதியில் நம் முன்னோரைத் தடுத்தவர் கூறிய சொல்லும் இதுவே. மாமூல் என்பதற்கு மேல் அவர்களிடம் வேறொரு நியாயமும் இருந்ததில்லை. நம்மைப் புறத்தே நிறுத்திய சொல்லை நாமே கையில் ஏந்திப் பிறரைப் புறத்தே நிறுத்துகின்றோம். எகிப்தைவிட்டு வெளியேறிய நாம் எகிப்தின் சவுக்கை மட்டும் மறவாது எடுத்து வந்தோம் போலும்!

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, இந்துக்களாயுள்ளாரை மட்டுமே அட்டவணைச் சாதியினராகக் கொண்டது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. "சமயம் மாறியும் எம்மக்களைத் தீண்டாமை விடவில்லை, ஆதலின் அவர்க்கும் உரிமை வேண்டும்" என்று நம் தலைவர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். அவ்வாதம் நேர்மையானது; யான் அதனை முழுமனத்தோடு ஏற்கின்றேன். ஆனால் டெல்லிக்குச் சென்று, சபைக்குள் தீண்டாமை உண்டு என்கின்றோம். ஊருக்குத் திரும்பிச் சபைக்கூட்டத்திலே, அப்படி ஒன்றும் இல்லை என்கின்றோம். ஒரு வாயில் இரண்டு நாக்கு எங்ஙனம் இருத்தல் கூடும்? அரசிடம் நீதி கேட்கும் கைகள், முதலில் கல்லறைச் சுவரின் ஒரு கல்லையேனும் பெயர்த்திருத்தல் வேண்டாவா?

அங்ஙனமாயின், அநீதியை எதிர்க்கும் ஊக்கம் நம் சமயத்தில் இல்லையோ என்று சிலர் ஐயுறலாம். உண்டு; அதற்குச் சான்றும் உண்டு. எம் கரிசற்காட்டிற்கு வடக்கே மதுரையில் ஜார்ஜ் ஜோசப் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். 1887-இல் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, எடின்பரோவிலும் இலண்டனிலும் கற்றவர். அக்காலத்தில் ஆங்கில அரசு, பிறமலைக் கள்ளர் குலம் முழுவதையும் குற்றப்பரம்பரை எனப் பதிவு செய்து, ஆடவர் இரவுதோறும் காவலர்முன் இருப்புக் காட்டுமாறு கட்டாயப்படுத்தியது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தவர்மீது துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார், எழுதினார். அவர்கள் அவர் குலத்தாருமல்லர், சமயத்தாருமல்லர். அவர்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று அன்புடன் அழைத்தனர். 1924-இல் வைக்கம் வீதிகளை எல்லார்க்கும் திறக்கும் அறப்போரிலும் அவர் முன்நின்று சிறை புகுந்தார். அது இந்துக்கள் தாமே செய்ய வேண்டிய கழுவாய் என்று காந்தியடிகள் அவர்க்கு எழுதியதும் உண்டு. அவர் 1938-இல் மறைந்தார். சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் 1947-இல் நீங்கியது. தனக்கு மூடப்பட்ட வீதிக்காகப் போராடுதல் இயல்பு. பிறர்க்கு மூடப்பட்ட வீதிக்காகப் போராடுதலே விசுவாசம். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

இவ்வூக்கம் கிறிஸ்தவர்க்கே உரிய தனிச்சொத்து என்று யான் கூறவில்லை. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றவர் வைத்தியநாத ஐயர். ஏழைச் சிறுவர்க்கு மதிய உணவு அளிக்கும் திட்டத்தை 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தவர் காமராசர். அவர்கள் நம் வேதத்தைக் கையில் ஏந்தவில்லை. எனினும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு நின்றார்கள். நல்ல சமாரியன் கதையைக் கூறிய பெருமான், நின்றவன் எச்சமயத்தான் என்று வினவினாரல்லர். கடந்து சென்றவர் ஆசாரியனும் லேவியனுமே என்பதைத்தான் நமக்குச் சுட்டினார். ஆன்மாவைப் பேணுதலே சமயத்தின் வேலை, ஊர்வழக்குகள் நமக்கெதற்கு என்பார் அக்கதையை மீண்டும் ஒருமுறை படிப்பார்களாக.

"நம் வீட்டுக் குற்றத்தை நாமே வெளியிடின் பிறர் நகையாரோ?" என்று அஞ்சுவாரும் உளர். ஆமோஸ் முதலிய தீர்க்கதரிசிகள் தம் நாட்டாரையே கடிந்தனர். அக்கடுஞ்சொற்களை மறைக்காது ஏட்டிற் பொறித்துத் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தமையால் அச்சமயம் இழிவுற்றதோ? இல்லை, அதனாலேயே அது உயிரோடு நிற்கின்றது. நகைப்பார் நகைக்கட்டும். சேற்றிற் புதைக்கப்பட்ட மணியடிப்பவரின் மக்கள் நம்மைப் பார்த்து நகைக்கவும் இல்லை, அழுதுகொண்டு சென்றனர். அஃதன்றோ நாம் அஞ்சத்தக்கது!

உடன் பயிலும் அன்பர்காள்! நம்மிற் பலர் சிற்றூர்ச் சபைகளினின்று வந்தவர். நாம் வீரவுரைகளால் உலகைத் திருத்த வேண்டா. வருகின்ற நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, நாம் ஒவ்வொருவரும் அவரவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வோம். நம் பாட்டன் பாட்டியர் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசி முடித்தபின், வாளியைக் கீழே வைக்காது, சுவரின் அப்பக்கத்திற்கும் செல்வோம். அங்குள்ள மண்மேடுகளையும் செப்பனிட்டு, அவர்க்கும் மெழுகுதிரி ஏற்றுவோம். பின்னர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, இனி இறப்பவர் எவராயினும் அடுத்து உள்ள இடத்தில் அடக்கம் பெறுதல் வேண்டும் என்று தீர்மானம் கேட்போம். தோற்றால் அடுத்த ஆண்டும் கேட்போம். பணிபுரியும் பழைய மாணவர்களும் ஆசிரியப் பெருமக்களும் எமக்குத் துணைநிற்பார்களாக. குருமார்முன் எம் குரல் எடுபடாதவிடத்து அவர்கள் குரல் எடுபடும்.

என் பெரியப்பா இக்கட்டுரையைப் படிப்பார். அவர் ஆண்டுதோறும் இம்மலரை வாங்கி முதலிலிருந்து முடிவுவரை படிக்கின்றவர். அவர் மனம் நோகும் என்பதை அறிவேன். ஆயினும், கழுகுமலை வீதிக் கதையை எனக்கு முதன்முதல் சொன்னவரும் அவரே. அன்று அவர் கண்கள் கலங்கியதை யான் கண்டேன். அக்கண்ணீர் மெய்யானால், அது சுவரின் அப்பக்கத்திற்கும் ஒருநாள் பாயும் என்று நம்புகின்றேன். நாம் பெற்ற வீதியில் நம்மோடு எல்லாரும் நடக்க ஆண்டவர் அருள்புரிவாராக!